நோன்பும் சீனிக் குளிசையும்: பொற்றாசியக் கால்வாய் பற்றி ஒரு விளக்கம்

ரமழான் நெருங்கும்போது மாத்தளைப் பகுதியில் நீரிழிவுக் கிளினிக்குக்குப் போய்வரும் நம்மவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. "காலையில போடுற குளிசைய ஸஹருக்குப் போடுறதா, நோன்பு துறந்த பொறகு போடுறதா?" வைத்தியரிடம் கேட்கிறவர்கள் குறைவு. பள்ளிவாசல் வாசலில், பாமசியில், பக்கத்து வீட்டில்தான் கேட்கிறார்கள். பதிலும் அங்கேயே கிடைத்துவிடுகிறது. "காலக் குளிசதானே, ஸஹருக்குப் போட்டாச் சரி."

சரியா, பிழையா என்பதை அறிய நம் உடம்பின் கலங்களில் உள்ள ஒரு கதவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கதவு எப்படித் திறக்கிறது, எதைக் கண்டு மூடுகிறது, சீனிக் குளிசை அதை என்ன செய்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் மேற்படி கேள்வி எவ்வளவு பாரதூரமானது என்பது தெரியவரும். நான் வைத்தியன் அல்லன். தமிழில் சிறப்புப் பட்டம் படித்துவிட்டுப் பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறவன். எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு இதைத் தேடிப் படித்தேன். விஞ்ஞானம் கற்பிக்கும் சக ஆசிரியர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் சேர்த்து, படித்ததை நம் மக்களுக்குப் புரியும் தமிழில் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கலத்தின் உள்ளும் புறமும்

நம் உடம்பு கோடானுகோடி கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்தையும் ஒரு மெல்லிய மென்சவ்வு மூடியிருக்கிறது. அந்தச் சவ்வு எண்ணெய்த் தன்மையானது. பொற்றாசியம், சோடியம், கல்சியம் போன்றவை உடம்பு நீரில் கரைந்து மின்னேற்றம் பெற்ற துணிக்கைகளாக இருக்கின்றன. இவற்றை அயன்கள் என்கிறோம். எண்ணெயும் தண்ணீரும் சேராததுபோல் இந்த அயன்களும் சவ்வை ஊடுருவ முடியாது.

இப்போது ஒரு கணக்கு. கலத்துக்கு உள்ளே ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல் பொற்றாசியம் இருக்கிறது. வெளியே, இரத்தத்தில், ஏறத்தாழ 4 மில்லிமோல்தான். சோடியம் இதற்கு நேர்மாறு. வெளியே அதிகம், உள்ளே குறைவு. இந்த ஏற்றத்தாழ்வு தானாக வந்ததல்ல. கலச் சவ்வில் ஒரு பம்பி இருக்கிறது. அது ஒவ்வொரு முறையும் 3 சோடியம் அயன்களை வெளியே தள்ளி, 2 பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுக்கிறது. இதைக் கண்டறிந்த டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கோ 1957இல் தம் ஆய்வை வெளியிட்டார். 1997இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாம் தூங்கும்போதும் தொழும்போதும் இந்தப் பம்பி ஓய்வதில்லை.

ஏன் இவ்வளவு பாடுபட்டு ஒரு ஏற்றத்தாழ்வை உண்டாக்கிவைக்க வேண்டும்? எங்கள் மாவட்டத்துக் கண்டலம, தேவஹுவ குளங்களை நினைத்துப் பாருங்கள். மழை நீரை உயரத்தில் தேக்கிவைத்தால்தான் வேண்டியபோது கதவைத் திறந்து வயலுக்கு விடலாம். நீர்மட்டம் இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் கதவைத் திறந்தும் பயனில்லை. கலமும் அப்படித்தான் பொற்றாசியத்தைத் தேக்கிவைத்துக்கொள்கிறது. அது வெளியேறும் கதவுகளே பொற்றாசியக் கால்வாய்கள். கால்வாய் என்ற சொல்லைக் கேட்டதும் எப்போதும் திறந்துகிடக்கும் வாய்க்கால் மனதில் வந்துவிடக்கூடாது. இவற்றில் பெரும்பாலானவை திறக்கவும் மூடவும் கூடியவை. ஆகவே இக்கட்டுரையில் கால்வாய் என்றும் கதவு என்றும் நான் சொல்வது ஒன்றையே.

கதவு திறந்திருக்கும்போது பொற்றாசியம் உள்ளிருந்து வெளியே கசிகிறது. பொற்றாசியம் நேர் மின்னேற்றம் கொண்டது. அது வெளியேற வெளியேறக் கலத்தின் உட்பக்கம் மறை மின்னேற்றம் பெறுகிறது. ஓய்வாக இருக்கும் ஒரு நரம்புக் கலத்தின் உட்பக்கம் வெளியைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ற் தாழ்ந்திருக்கும். கலத்தின் ஓய்வு நிலை இதுதான். பொற்றாசியக் கதவு மூடப்பட்டால் அந்த மறைத்தன்மை குறைகிறது, கலம் விழித்துக்கொள்கிறது. நரம்பு செய்தி அனுப்புவதும் இதயம் துடிப்பதும் சதையி இன்சுலின் சுரப்பதும் இந்தச் சிறு மின் மாற்றத்தில்தான் தங்கியிருக்கின்றன.

சிறியதைத் தடுத்துப் பெரியதை விடும் கதவு

இந்தக் கதவில் விஞ்ஞானிகளை நெடுங்காலம் குழப்பிய விடயம் ஒன்று உண்டு. சோடியம் அயன் பொற்றாசியத்தைவிடச் சிறியது. ஆனால் பொற்றாசியக் கால்வாய் பெரிய பொற்றாசியத்தைத் தாராளமாக விடுகிறது. சிறிய சோடியத்தைத் தடுத்துவிடுகிறது. ஏறத்தாழ 10,000 பொற்றாசியம் போனால் ஒரு சோடியம் தப்பிப் போகலாம். அரிதட்டில் நெல் விழுந்து குறுநெல் மேலே தங்குவதுபோல் இருக்கிறது. அதுவும் செக்கனுக்கு 10 கோடி அயன்கள் வரை போகக்கூடிய வேகத்தில்!

அமெரிக்காவின் ரொடெரிக் மெக்கினன் 1998இல் இதற்கு விடை சொன்னார். மண்ணில் வாழும் ஒரு பக்ரீரியாவின் பொற்றாசியக் கால்வாயைப் பளிங்காக்கி, எக்ஸ் கதிர் கொண்டு அதன் வடிவத்தை அவர் படம் பிடித்தார். நீரில் இருக்கும் அயனைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் பிடித்துக்கொண்டிருக்கும். ஒடுங்கிய கால்வாய்க்குள் நுழைய வேண்டுமானால் அந்த நீரைக் கைவிட வேண்டும். கால்வாயின் ஒடுங்கிய பகுதியில் ஒட்சிசன் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. பொற்றாசியத்தை நீர் எந்தத் தூரத்தில் பிடித்திருந்ததோ சரியாக அதே தூரத்தில் இவையும் நிற்கின்றன. ஆகவே பொற்றாசியம் ஒரு கையை விட்டு மறு கையைப் பிடிப்பதுபோல் நட்டமில்லாமல் உள்ளே போகிறது. சோடியம் சிறியது. அதற்கு அந்தக் கைகள் எட்டுவதில்லை. நீரைக் கைவிட்டால் பிடிக்க ஒன்றுமில்லை என்பதால் வெளியிலேயே நின்றுவிடுகிறது. இந்தக் கண்டுபிடிப்புக்காக மெக்கினனுக்கு 2003இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இப்படி நுட்பமாக அமைந்த கதவு வகைகள் மனித உடம்பில் பல உண்டு. அவற்றை ஆக்கும் பரம்பரையலகுகள் மாத்திரம் 70க்கும் மேல். சில மின்னழுத்தம் மாறுவதைக் கண்டு திறக்கும், சில கல்சியத்தைக் கண்டு திறக்கும். நமக்கு வேண்டியது சாப்பாட்டைக் கண்டு மூடும் ஒரு கதவு.

சாப்பிட்டதை அறியும் கதவு

வயிற்றுக்குப் பின்னால் சதையி இருக்கிறது. அதில் தீவுகள்போல் சிதறிக் கிடக்கும் கலக் கூட்டங்களை 1869இல் ஜேர்மனிய மாணவர் பவுல் லங்கர்ஹான்ஸ் விவரித்தார். அத்தீவுகளில் உள்ள பீற்றாக் கலங்களே இன்சுலினைச் சுரக்கின்றன. இன்சுலின் இரத்தத்தில் உள்ள குளுக்கோசைத் தசைக்கும் கொழுப்புக்கும் ஈரலுக்கும் சேர்ப்பிக்கிறது.

சாப்பிட்டோம் என்று பீற்றாக் கலத்துக்கு யார் சொல்கிறார்கள்? யாரும் சொல்வதில்லை. சாப்பிட்டதும் இரத்தத்தில் குளுக்கோசு ஏறுகிறது. அது பீற்றாக் கலத்துக்குள் நுழைகிறது. கலத்தின் இழைமணிகள் அதை எரித்து ஏ.ரீ.பீ. என்னும் சக்தி மூலக்கூறை உண்டாக்குகின்றன. ஏ.ரீ.பீ. கூடும்போது அது பொற்றாசியக் கதவில் ஒட்டிக்கொள்கிறது. கதவு மூடுகிறது. பொற்றாசியம் வெளியேறுவது நிற்கிறது. கலத்தின் மறைத்தன்மை குறைகிறது. உடனே பக்கத்தில் உள்ள கல்சியக் கதவுகள் திறந்துகொள்ள, வெளியில் காத்திருக்கும் கல்சியம் உள்ளே பாய்கிறது. கல்சியம் வந்ததும் சிறு பைகளில் கட்டிவைத்த இன்சுலின் இரத்தத்தில் கொட்டப்படுகிறது.

பட்டினி இருக்கும்போது எல்லாம் தலைகீழாக நடக்கிறது. குளுக்கோசு குறைகிறது, ஏ.ரீ.பீ. குறைகிறது, பொற்றாசியக் கதவு திறக்கிறது, கலம் ஓய்வுக்குப் போகிறது, இன்சுலின் சுரப்பு அடங்குகிறது. ஈரல் தன் கையிருப்பில் உள்ள குளுக்கோசை இரத்தத்துக்கு விடத் தொடங்குகிறது. நம் நாட்டில் ஸஹரிலிருந்து மஃரிப் வரை 13 மணித்தியாலத்துக்கும் மேல் ஆகிறது. ஆரோக்கியமான ஒருவர் அவ்வளவு நேரம் பசித்திருந்தும் மயங்கி விழாமல் அஸரும் தொழுது, கஞ்சியும் காய்ச்சி, பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக்கொடுக்க முடிகிறதென்றால் அதற்கு ஒரு முக்கிய காரணம் இந்தக் கதவு நேரத்துக்குத் திறப்பதுதான்.

ஏ.ரீ.பீ.யால் மூடும் இந்தப் பொற்றாசியக் கால்வாயை 1983இல் ஜப்பானியர் அக்கினோரி நோமா முதலில் இதயக் கலத்தில் கண்டார். மறு ஆண்டு இங்கிலாந்தில் பிரான்சிஸ் ஆஷ்குரொப்ட் பீற்றாக் கலத்தில் குளுக்கோசு மூடும் பொற்றாசியக் கதவைக் காட்டினார். 1995இல் அதை ஆக்கும் பரம்பரையலகுகள் கண்டறியப்பட்டன. கதவு இரு வகைப் புரதங்களால் ஆனது. நடுவில் துவாரத்தை ஆக்கும் 4 துண்டுகள். அவற்றைச் சூழ்ந்து காவல் நிற்கும் 4 துண்டுகள். அந்தக் காவல் துண்டில்தான் நம் சீனிக் குளிசை வந்து ஒட்டுகிறது.

முதலில் மருந்து, பிறகு விளக்கம்

குளிசையின் கதை கதவின் கதையைவிடப் பழையது. இரண்டாம் உலக யுத்த காலம், 1942. பிரான்சின் மொன்பெல்லியே நகரில் வைத்தியர் மார்செல் ஜான்போன் நெருப்புக் காய்ச்சல் நோயாளிகளுக்குப் புதியதொரு சல்பா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். சிலர் மயங்கினார்கள், வலிப்புக் கண்டார்கள், உயிரிழந்தவர்களும் உண்டு. அவர்களுடைய இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கியிருந்தது. அதே நகரில் ஒகுஸ்த் லூபத்தியே நாய்களில் ஆராய்ந்து, இந்த மருந்து சதையியைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது என்று காட்டினார். அந்த வழியில் வந்தவையே சல்பொனைல்யூரியா என்னும் குளிசை வகை. தொல்பியூற்றமைட், கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட், கிளிமெபிரைட் ஆகியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. உங்கள் கிளினிக் கொப்பியை எடுத்துப் பார்த்தால் இவற்றில் ஒன்று இருக்கக்கூடும்.

ஆக, மருந்து வந்து 40 ஆண்டுகளுக்கும் மேல் அது உடம்பில் எங்கே போய் ஒட்டுகிறது என்று தெரியாமலே உலகம் அதைப் பயன்படுத்தியது. 1985இல்தான் அது பீற்றாக் கலத்தின் இந்தப் பொற்றாசியக் கதவை மூடுகிறது என்று தெரியவந்தது. இரண்டாம் வகை நீரிழிவில் பீற்றாக் கலம் சோர்ந்துபோயிருக்கும். குளுக்கோசு ஏறினாலும் வேண்டிய அளவு இன்சுலின் வராது. குளிசை வந்து கதவைத் தள்ளி மூடிக் கொடுக்கிறது. சோர்ந்த கலத்துக்கு அது ஒரு கைகொடுப்பு. மலிவான மருந்து, பலனுள்ள மருந்து. இதனால் இலட்சக்கணக்கானோர் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது.

மூட மறுத்த கதவு

இக்கதவின் அருமையைக் காட்ட ஒரு நோயைச் சொல்ல வேண்டும். பிறந்து 6 மாதத்துக்குள்ளேயே சில குழந்தைகளுக்கு நீரிழிவு வந்துவிடும். மிக அரிதானது. முன்பு அவர்களை முதலாம் வகை நீரிழிவு என்று கருதி ஆயுள் முழுவதும் இன்சுலின் ஊசி போட்டார்கள். 2004இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் அனா குளொயின், அன்ட்ரூ ஹற்றர்ஸ்லி ஆகியோர் அடங்கிய குழு இத்தகைய 29 பேரை ஆராய்ந்தது. அவர்களில் 10 பேருக்குப் பொற்றாசியக் கதவின் பரம்பரையலகில் மாற்றம் இருந்தது. அவர்களுடைய பீற்றாக் கலம் உயிரோடுதான் இருந்தது, இன்சுலினும் இருந்தது. ஏ.ரீ.பீ. வந்து தட்டினாலும் கதவு மூட மறுத்ததே நோய்.

கதவு மூடவில்லையா? அப்படியானால் கதவை மூடும் குளிசை நம்மிடம் இருக்கிறதே! 2006இல் வெளியான ஆய்வில் இத்தகைய 49 பேருக்குச் சல்பொனைல்யூரியா கொடுத்துப் பார்த்தார்கள். 44 பேர் இன்சுலின் ஊசியை முற்றாக நிறுத்திவிட்டுக் குளிசைக்கு மாறினார்கள். பிறந்தது முதல் நாள்தோறும் குத்து வாங்கிய பிள்ளை வாயால் விழுங்கும் மருந்தோடு வாழத் தொடங்கியது. சென்னையில் டாக்டர் வி. மோகன், ராதா வெங்கடேசன் ஆகியோரின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்திலும் இந்தப் பரம்பரையலகுச் சோதனை செய்யப்படுகிறது. அங்கும் சில குழந்தைகள் ஊசியிலிருந்து குளிசைக்கு மாற்றப்பட்டிருக்கிறார்கள். ஆகவே 6 மாதத்துக்குள் நீரிழிவு கண்ட குழந்தை நம் உறவில் இருந்தால், வளர்ந்த பிறகும்கூட, இச்சோதனை பற்றி வைத்தியரிடம் கேட்பது பயனுள்ளது. கேளாமல் மருந்தை மாற்றுவது ஆபத்து.

காதிலும் இதயத்திலும்

பொற்றாசியக் கதவு பழுதானால் வரும் நோய்கள் நீரிழிவோடு முடிவதில்லை. 1957இல் நோர்வேயில் ஜேர்வெல், லங்கே-நீல்சன் என்ற இரு வைத்தியர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். 6 பிள்ளைகளில் 4 பேர் பிறவியிலேயே காது கேளாதவர்கள். அந்த நால்வருக்கும் மயக்கம் வந்தது. மூவர் சிறு வயதிலேயே திடீரென இறந்தார்கள். காதுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் ஓய்வுக்குத் திரும்ப ஒரு வகைப் பொற்றாசியக் கதவு தேவை. உட்காதின் திரவத்துக்குப் பொற்றாசியம் சேர்க்கவும் அதே கதவுதான் தேவை. கதவு இல்லையென்றால் காது கேளாது. இதயத்தின் ஓய்வு தாமதித்து அது தாறுமாறாகத் துடிக்கும். இந்நோய் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பரம்பரையலகு வந்தால்தான் ஏற்படும். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் முடிக்கும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்புக் கூடுதல். பிறவியிலேயே காது கேளாத பிள்ளை ஓடும்போதோ பயந்தபோதோ மயங்கி விழுந்தால் "காத்துப் பட்டிருச்சி" என்று நூல் கட்டிவிட்டு இருந்துவிடாமல் ஓர் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். மருந்தால் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றும் வழி இருக்கிறது.

இரத்தத்தில் பொற்றாசியத்தின் அளவு கூடிவிட்டாலும் இதயத்துக்கு ஆபத்து. வெளியே 4 மில்லிமோலாக இருக்க வேண்டியது 6, 7 என்று ஏறினால் உள்ளுக்கும் புறத்துக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு குறைந்து இதயம் நின்றுவிடவும் கூடும். மேலதிகப் பொற்றாசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். எங்கள் மாவட்டத்தின் வில்கமுவ சிறுநீரக நோய் பரவலாக உள்ள பிரதேசங்களில் ஒன்று. நீரிழிவு முற்றினாலும் சிறுநீரகம் கெடும். அத்தகையோர் நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம், தம்பிலி, வாழைப்பழம் என்று வரிசையாக எடுப்பது நல்லதல்ல. மூன்றும் பொற்றாசியம் நிறைந்தவை. எவ்வளவு எடுக்கலாம் என்பதை அவர்கள் கேட்டே அறிய வேண்டும்.

நோன்பும் பொய்ச் செய்தியும்

இனித் தொடக்கத்தில் உள்ள கேள்விக்கு வருவோம். பீற்றாக் கலத்தின் கதவு மூடினால் அதற்கு ஒரே பொருள்தான்: "சாப்பாடு வந்திருக்கிறது." சல்பொனைல்யூரியா குளிசை அந்தக் கதவை மூடும்போது குளுக்கோசு இருக்கிறதா, இல்லையா என்று பார்ப்பதில்லை. நோன்பாளி பசித்திருக்கிறார். குளிசையோ கலத்திடம் "சாப்பிட்டாயிற்று" என்று பொய் சொல்கிறது. கலம் நம்பி இன்சுலினை விடுகிறது. இரத்தத்தில் இருக்கும் கொஞ்சச் சீனியும் இறங்குகிறது. மூளைக்குக் குளுக்கோசைச் சேமித்துவைக்க இடமில்லை; அது தடுமாறத் தொடங்குகிறது.

குளிசைக்குக் குளிசை வித்தியாசம் உண்டு. கிளிபென்கிளமைட் நெடுநேரம் வேலை செய்வது. உடம்பில் அது சிதைந்து உண்டாகும் பொருட்களுக்கும் சீனியை இறக்கும் தன்மை உண்டு. அவை சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும். சிறுநீரகம் பலவீனமான வயதானவர்களில் அவை தேங்கிவிடும். ஸஹருக்குப் போட்ட குளிசை அஸருக்கும் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கும். கிளிக்கிளசைட் ஒப்பீட்டளவில் ஆபத்துக் குறைந்தது. மெற்போமின் இந்தக் கதவைத் தொடுவதே இல்லை. தனியாகப் போடும்போது சீனியை அளவுக்கு மீறி இறக்குவது அரிது. "சீனிக் குளிச" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எந்தக் குளிசை என்பதில்தான் விடயமே இருக்கிறது.

இது ஊகமன்று. 2001இல் 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளரிடம் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டாம் வகை நீரிழிவுள்ளோரில் 10க்கு 8 பேரளவில் ரமழானில் குறைந்தது 15 நாளாவது நோன்பு பிடித்திருந்தார்கள். அவர்களிடையே ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குச் சீனி இறங்குவது மற்ற மாதங்களைவிட ஏறத்தாழ 7.5 மடங்கு கூடியது. இலங்கையில் 2005, 2006 ஆண்டுகளில் நடந்த தேசிய அளவிலான ஆய்வு ஒன்று வளர்ந்தோரில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவு என்று கண்டது. அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் தமக்கு நோயிருப்பதே தெரியாதிருந்தார்கள். இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு ஜமாஅத்திலும் தராவீஹ் ஸஃப்பில் நிற்கிறவர்களில் எத்தனை பேர் இதில் அடங்குவார்கள் என்பதை நாமே கணித்துக்கொள்ளலாம்.

எங்கள் சாச்சாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 70 தாண்டியவர், நாற்பது வருடமாக ஒரு நோன்பையும் விடாதவர். அன்று காலைக் குளிசையை ஸஹருக்குப் போட்டிருந்தார். பின்னேரம் நாலரை மணிபோல் காரணமில்லாமல் சாச்சிமீது சீறிவிழுந்தார். வியர்த்துக் கொட்டியது. "நோம்புக் களப்பு, வெயிலுக்குத்தான் ஈக்கும்" என்று படுக்க வைத்தார்கள். கூப்பிட்டால் பதில் பிழையாக வந்தது. தண்ணீர் கொடுக்கப் போன பேரனை, "இன்னும் ஒண்டர மணித்தியாலம்தானே, நோம்ப முறிக்க வாணாம்" என்று பெரியவர் ஒருவர் தடுத்தார். நல்ல வேளையாக அடுத்த வீட்டில் தாதி வேலை பார்க்கும் பிள்ளை லீவில் நின்றாள். விரலில் குத்திப் பார்த்தபோது 41. சீனித் தண்ணீர் பருக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே தேறியவருக்கு இரவில் மறுபடியும் இறங்கியது. குளிசை உடம்பில் இருக்கும்வரை அது கதவை விடாது என்பதால் அன்றிரவும் மறுநாளும் வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து அவர் என்னிடம் கேட்டது: "காலக் குளிசய காலையிலதானே போட்டன் மகன், அதுல எனத்தியன் பிழ?" வைத்தியர் குறித்துக் கொடுத்தது காலைச் சாப்பாட்டோடு போடும் குளிசையை. அன்று அதற்குப் பின் சாப்பாடு வர 13 மணித்தியாலம் இருந்தது.

செய்ய வேண்டியவை

ரமழானுக்கு 6 முதல் 8 வாரத்துக்கு முன்பே கிளினிக்கில் "நான் நோன்பு பிடிக்க விரும்புகிறேன்" என்று சொல்ல வேண்டும். சிங்கள வைத்தியராக இருந்தால் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. நோன்பாளிக்கான மருந்து முறை பற்றிச் சர்வதேச வழிகாட்டல்கள் இருக்கின்றன. சிலருக்குக் குளிசையின் வகையை மாற்றுவார்கள். சிலருக்குப் பிரதான அளவை இப்தாருக்கு நகர்த்தி ஸஹர் அளவைக் குறைப்பார்கள். சிலரை நோன்பு பிடிக்கவே வேண்டாம் என்பார்கள். சாச்சாவுக்கு மாற்றிக் கொடுத்ததை மாமா போடக்கூடாது. ஒவ்வொருவரின் சிறுநீரகமும் வயதும் மற்ற மருந்துகளும் வேறு.

விரலில் குத்தி இரத்தம் பார்த்தால் நோன்பு முறியாது என்பதே உலமாக்களும் வைத்தியர்களும் சேர்ந்து சொல்லும் நிலைப்பாடு. பகலில், முக்கியமாக அஸர் நேரத்தில், பார்த்துக்கொள்வது நல்லது. 70க்குக் கீழே இறங்கினால் அல்லது 300க்கு மேலே ஏறினால் அப்போதே நோன்பை விட வேண்டும். மஃரிபுக்குப் பத்து நிமிடம் இருந்தாலும் சரி. வியர்வை, நடுக்கம், படபடப்பு, காரணமில்லாக் கோபம், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை அடையாளங்கள். பிரஷருக்கோ இதயத்துக்கோ அட்டெனலோல் போன்ற மருந்து எடுப்போருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். நினைவிருந்தால் 3, 4 தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துப் பருக்கலாம். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது; 1990 சுவசெரிய அம்புலன்சை அழைக்க வேண்டும். குளிசையால் இறங்கிய சீனி மறுபடியும் இறங்கும் என்பதால், தேறிவிட்டார் என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

சூரா பகராவின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்கு நோன்பில் சலுகை தருகின்றன. நோன்பு கடமையான அதே இடத்தில்தான் அந்தச் சலுகையும் சொல்லப்படுகிறது. பிறகு கழாச் செய்வதா, பித்யாக் கொடுப்பதா என்பதை மௌலவிமாரிடம் கேட்கலாம். உடம்பு தாங்குமா என்பதை வைத்தியரிடம் கேட்க வேண்டும். நம்மவர்களில் பலர் சலுகையை எடுப்பதை ஈமானின் குறையாக நினைக்கிறார்கள், மற்றவர் என்ன சொல்வார்களோ என்று கூசுகிறார்கள். பசித்தபோது திறக்கும்படி அல்லாஹ் அமைத்த ஒரு கதவு, நாம் போட்ட குளிசையால் மூடிக் கிடக்கிறது. அந்நிலையில் நோன்பை விடுகிறவர் அவன் தந்த அனுமதியையே எடுத்துக்கொள்கிறார்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஷஃபான் மாதத்து ஜும்ஆ ஒன்றிலாவது இவ்விடயத்தைச் சொல்லுங்கள். அந்தப் பகுதி வைத்தியர் ஒருவரை அழைத்து, ஊரில் குளிசை போடுகிற பெரியவர்களைக் கிளினிக் கொப்பியோடு ஒரு மாலை வரச் செய்யுங்கள். கொப்பியில் உள்ள குளிசையின் பெயரை ஒருவர் வாசித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.